கருந்துளசியில் நான் கண்டுபிடித்த பளிங்கு

நான் ஒரு வாரம் விஞ்ஞானியாக இருந்தவன். அதற்கு முன்னும் பின்னும் வெறும் அசிஸ்டெண்ட்தான்.

திருவனந்தபுரத்தில் சர்க்கார் லாபரட்டரி ஒன்றில் எனக்குத் தற்காலிக உத்தியோகம். ("அடுத்த மாதம் நிரந்தரமாகிவிடும்" என்று சொல்லித்தான் கல்யாணம் செய்துகொண்டேன். குழந்தை பிறந்த பிறகும் அந்த அடுத்த மாதம் வரவில்லை.) வெண்துளசி, கருந்துளசி, திருநீற்றுப்பச்சை மூன்றையும் நீராவியில் வடித்து, எண்ணெய்களுக்குள் என்ன வேறுபாடு என்று பார்க்கச் சொன்னார் என் மேலதிகாரி பணிக்கர் சார். ஒழுங்காகச் செய்தால் டைரக்டரிடம் என் நிரந்தரத்தைப் பற்றிப் பேசுவதாகவும் சொன்னார்.

இரண்டை முடித்துவிட்டேன். மிச்சமிருந்த கருந்துளசி, கரமனையில் மாமனார் வீட்டுக் கொல்லையில் புதராக மண்டிக் கிடந்தது. மனைவி கோமதியும் பிரசவமாகிக் கைக்குழந்தையோடு அங்கேதான் இருந்தாள். இலை வாடுவதற்குள் வடிக்க வேண்டும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை லாபரட்டரியின் வடிக்கும் பாத்திரமான செப்பு வாலையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். மாமியார் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை துளசியைப் பறிக்கப்படாது மாப்பிள்ளை. பறிச்சது போறாதுன்னு அடுப்புல வேற ஏத்தறதா? இதென்ன அக்கிரமம்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது அவ்வளவு புத்தி கிடையாது.

"கொழந்தை வயித்து வலிக்கு மருந்து வடிக்கறேன், மாமி."

மாமியார் அப்படியே இளகிவிட்டார். "கொழந்தைக்குன்னா பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்று கூடையை அவரே எடுத்து வந்தார். வாலையில் இலையை அடைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு, நான் ஆற்றுக்குக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து மூடியைக் கோதுமை மாவால் பூசி அடைத்து, அடுப்பை மூட்டினேன். எண்ணெய் பிரமாதமாக இறங்கியது. அடியில் நின்ற வடிநீரை மாமியார் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் லாபரட்டரியில் அந்த எண்ணெயைச் சோதித்து ஐஸில் வைத்தேன். கண்ணாடித் துண்டுகள் போல வெள்ளைப் பளிங்கு! பார்த்தால் தைமால். கடையில் ஓம உப்பு என்று விற்பார்களே, அதேதான். வெண்துளசியில் இல்லாதது, திருநீற்றுப்பச்சையில் இல்லாதது, ஓமத்தில் மட்டும் இருப்பதாக நான் படித்தது, என் மாமனார் வீட்டுக் கருந்துளசியில் இருக்கிறது! ஒரு வாரம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பியூன் சல்யூட் வைத்தால் தலையை மட்டும் அசைத்தேன்.

சனிக்கிழமை டைரக்டர் வந்தார். கால் மணி நேரம் பேசினேன். அவர் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். அப்போதுதான் பணிக்கர் சார் குப்பியைத் திறந்து முகர்ந்தார்.

"எடோ, இது அயமோதகமல்லே?"

(ஓமத்துக்கு மலையாளத்தில் அப்படித்தான் பெயர். பிள்ளை பெற்ற வீட்டில் தூணில்கூட ஓம வாசனை அடிக்கும். அங்கே போய் வந்து போய் வந்து என் மூக்கு மரத்துப் போயிருந்தது.)

பிறகு அவர் மூலையில் இருந்த வாலையை எட்டிப் பார்த்தார். சோம்பேறித்தனத்தால் நான் அதைக் கழுவாமல் வைத்திருந்தேன். சக்கையைக் கரண்டியால் கிளறி, நாலைந்து விதைகளை எடுத்து டைரக்டரின் மேஜைமேல் வைத்தார்.

"துளசிக்கு இங்ஙனே ஒரு வித்துண்டோ?"

டைரக்டர் பேனாவை மூடினார். என் நிரந்தரத்தையும் அதோடு சேர்த்து மூடினார்.

நேரே கரமனைக்குப் போய் மாமியாரிடம் கேட்டேன்.

"ஆமா, போட்டேன். வெறும் துளசி கொழந்தை வயித்துக்கு என்ன கேக்கும்? ஆம்பளை, மறந்திருப்பேள்னு நான்தான் ஒரு நாழி ஓமம் போட்டேன். ஏன், போறலியா?"

பொய் சொன்னது நான். அதை நம்பி மனதாரப் பாடுபட்டது அவர். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. குழந்தை மட்டும் அந்த வடிநீரைக் குடித்துவிட்டு நாலு நாளாக நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

நிரந்தர உத்தரவு வர இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. வந்த அன்று காகிதத்தை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குள் ஓடினேன். மாமியார் அப்போது எங்களோடு வந்து தங்கியிருந்தார். கோமதி அதை வாங்கிப் படிக்கவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இதுல நீ ஏதாவது போட்டியா?"

இன்றுவரை நான் கொண்டுவரும் எந்த நல்ல சேதிக்கும் எங்கள் வீட்டில் முதல் கேள்வி அதுதான்.