அனுதாப வீக்கம்

நௌஸர் ஆகாவின் கீழ்ப்பல் செட் ஒரு விருந்தில் அவரை விட்டுப் பிரிந்தது.

ஈரானில், ஆண்களை ஆகா என்றும் பெண்களைக் கானூம் என்றும் மரியாதையாக அழைக்கும் ஷிராஸ் நகரில், அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் ஹெஷ்மத் கொடுத்த விருந்து அது. சட்டியடியில் பொன்னாக முறுகிய சோற்றுக் காந்தல், அதுதான் தஹ்தீக், தட்டு நிறைய வந்தது. பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக் கடித்தார் நௌஸர். இழுத்தார். தஹ்தீக் கையோடு வந்தது. பல் செட் தஹ்தீக்கோடு வந்தது.

வந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஹெஷ்மத்தின் மனைவி பர்வானே மட்டும், "இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தட்டுமா, ஆகா?" என்று கேட்டாள்.

வீடு திரும்பியதும் கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார்.

"தூபா! நான் இம்ப்ளான்ட் வச்சுக்கப் போறேன். முடிவு பண்ணியாச்சு."

அவர் மனைவி தூபா கானூம் காதில் இருந்த தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "எனக்கும் செட்டு ஆடிட்டுத்தான் இருக்கு. நாக்கால பிடிச்சுப் பிடிச்சு நாக்கே தேஞ்சு போச்சு. ரெண்டு பேரும் போய்க் காட்டுவோம்."

போனார்கள். டாக்டர் ஆதினே இருவருக்கும் தாடையைப் படம் எடுத்துப் பார்த்தார். இருவர் எலும்பும் நன்றாக இருந்தது. தாடையில் இரண்டு திருகாணிகளை இறக்க வேண்டும். எலும்பு அவற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள மூன்று மாதம். அதுவரை கஞ்சி, சூப், மசித்தது. அப்புறம் அடியில் பொத்தான் வைத்த புதுச் செட்டை அழுத்தினால் 'டக்' என்று உட்கார்ந்துவிடும். தஹ்தீக் என்ன, தாம்புக்கயிற்றையே கடிக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் வருகிற வாரம் ஒருவருக்குத்தான் நேரம் இருந்தது.

"நான் முதல்ல பண்ணிக்கறேனே," என்றாள் தூபா.

"நீயா? ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுவே. நான் போய் எப்படின்னு பார்த்துட்டு வந்து சொல்றேன்."

அந்த வீட்டில் எதுவும் முதலில் அவருக்குத்தான். முதல் தேநீர், முதல் ரொட்டி, குளிர்காலத்தில் கணப்புக்குப் பக்கத்து இடம்.

அந்த நாளும் வந்தது. "துணைக்கு வரவா?" என்றாள் தூபா.

"எதுக்கு? நான் என்ன குழந்தையா?"

நௌஸர் குடிநீர்த் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் ஊர் ஊராகப் போய் அடுத்தவர் நிலத்தில் ஆழ்துளை போட்டவர். துளை போடும் இயந்திரம் அவருக்குப் புதிதல்ல. ஆனால் அது எப்போதும் அவர் காலுக்குக் கீழே இருந்திருக்கிறது. இப்போது மூக்குக்குக் கீழே வந்தது. டாக்டர் கையில் அது 'ஙொய்ய்' என்று ஒரு முறை சோதனைக்குச் சுற்றியது. அவ்வளவுதான்.

"டாக்டர், ஒரு நிமிஷம். கழிவறைக்குப் போயிட்டு வந்துடறேன்."

கழுத்தில் கட்டிய நீலத் துண்டோடு போனவர் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கினார். இறங்கியவர் நிற்கவில்லை. நான்கு தெரு தாண்டி ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் மூச்சு வந்தது. கூடவே கவலையும் வந்தது. ஓடி வந்ததை எப்படிச் சொல்வது? ஹெஷ்மத்துக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும்.

யோசித்தார். பல் செட்டுக்கு அடியில் திருகாணி இருக்கிறதா இல்லையா என்று யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? போட்டாயிற்று என்று சொல்லிவிட்டால் மூன்று மாதம் ராஜ உபசாரம். படுக்கைக்கே சூப் வரும். மூன்று மாதம் கழித்து நடப்பதை மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். மருந்துக்கடையில் பஞ்சு வாங்கினார். இரண்டு கன்னத்திலும் அடைத்துக்கொண்டார். பொழுது சாயும்வரை பூங்காவிலேயே இருந்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி வீட்டுக்குள் நுழைந்தார்.

முனக வாயைத் திறந்தார். அதற்கு முன் உள்ளறையிலிருந்து வேறொரு முனகல் கேட்டது.

தூபா படுத்திருந்தாள். கன்னத்தில் ஐஸ் சுற்றிய துணி. முகம் மாதுளம்பழம் போல் வீங்கியிருந்தது.

"தூபா! என்னடி ஆச்சு?"

"வந்துட்டீங்களா?" என்றாள் பாதி வாயால். "உங்க தாடையில ஓட்டை போடறாங்களே, என்ன பாடு படறீங்களோன்னு உட்கார்ந்து நினைச்சேனா... நினைக்க நினைக்க எனக்கே வலிச்சுது. அப்புறம் பார்த்தா வீங்கிடுச்சு."

நௌஸருக்குப் பேச்சுக் குழறியது. பாதி பஞ்சினால், பாதி பாசத்தினால்.

"எனக்காகவா?"

"வேற யாருக்காக வீங்குவேன்? உங்களுக்கு ரொம்ப வலிக்குதா?"

"அது... பரவாயில்லை. தாங்கிக்கலாம்."

"பாருங்க, எவ்வளவு தைரியம். எனக்குத்தான் தாங்க முடியலை. சூப் வைக்கலாம்னா எழுந்திருக்க முடியலையே!"

இப்படி ஒருத்தி தனக்காக வீங்கிக் கிடக்கும்போது எந்த மனிதன் படுக்கையில் போய்ச் சாய்வான்? நௌஸர் அடுப்படிக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அங்கே போவது சட்டியைத் திறந்து பார்க்க மட்டும்தான். அன்று பார்லி சூப் வைத்தார். அடிப்பிடித்தது. அவள் குடித்தாள். அவரும் குடித்தார்.

மறுநாள் தேநீர்க் கடையில் ஹெஷ்மத்தைப் பார்த்தார். இந்தப் பெருமையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"ஹெஷ்மத், தாடையைத் துளைச்சது எனக்கு. வீங்கினது என் பெண்டாட்டிக்கு!"

"அடேயப்பா! அப்படியெல்லாம் நடக்குமா?"

"எல்லாருக்கும் நடக்காது. மனசு ஒண்ணாயிருக்கணும்."

ஹெஷ்மத் நேரே வீட்டுக்குப் போய்த் தன் மனைவியைக் கேட்டார். "எனக்குப் பித்தப்பையில கல் எடுத்தாங்களே, அன்னைக்கு உனக்கு எங்கேயாவது வலிச்சுதா?"

"இல்லையே. அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன். வீட்டில குறட்டைச் சத்தம் இல்லை."

அந்த அதிசய வீக்கத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று பர்வானே உடனே கிளம்பி வந்தாள். இரண்டு பெண்களும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நௌஸர் தேநீர்த் தட்டோடு வெளியே நின்றார். உள்ளே ஏதோ சத்தம். சிரிப்பு மாதிரி இருந்தது. பாவம், வலி அதிகமானால் அழுகையும் சிரிப்பும் ஒன்று போலத்தான் கேட்கும் என்று எண்ணிக்கொண்டார்.

வீக்கம் சில நாளில் வடிந்தது. ஆனால் அனுதாபம் வடியவில்லை.

"நீங்க மெல்ல முடியாம இருக்கும்போது எனக்கு மட்டும் கபாப் எதுக்கு?" என்றாள் தூபா. "உங்களுக்கு எத்தனை நாள் சூப்போ, எனக்கும் அத்தனை நாள் சூப்."

"வேண்டாம் தூபா! நீ சாப்பிடு. நீ ஏன் பட்டினி கிடக்கணும்?"

"சே, மனசு கேட்குமா? நாளைக்குக் கீரை போட்டு வைங்க. உப்பு கொஞ்சம் குறைச்சு."

நௌஸர் குற்ற உணர்ச்சியில் கரைந்தார். கரையக் கரையக் கறிகாய் நறுக்கினார். காலையில் சந்தைக்குப் போனார். பாத்திரம் கழுவினார். பூசணி சூப், பருப்பு சூப், காளான் சூப் என்று அவர் கை தேறிக்கொண்டே வந்தது. ஒருநாள் தாங்க முடியாமல் கடைத்தெருவில் ஒளிந்து நின்று ஒரு கபாப் சாப்பிட்டார். பாதியில் தூபாவின் முகம் நினைவுக்கு வந்தது. மீதியைத் தின்றுவிட்டு அழுதார். பரிகாரமாக அன்று ஜன்னல்களையெல்லாம் துடைத்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பல முறை வாயைத் திறந்தார்.

"தூபா, உங்கிட்ட ஒரு விஷயம்..."

"வாயை அதிகம் அசைக்காதீங்க. திருகாணி ஆடிடும்."

வாயை மூடிக்கொண்டார்.

மூன்று மாதம் முடிந்தது. "கிளம்புங்க. இன்னைக்குப் புதுச் செட்டு மாட்டற நாள்," என்றாள் தூபா.

வழி நெடுக நௌஸர் பொய் தேடிக்கொண்டே வந்தார். திருகாணி கரைந்துவிட்டது என்றால்? எலும்பு அதை விழுங்கிவிட்டது என்றால்? தூக்கத்தில் கழன்று வயிற்றுக்குள் போய்விட்டது என்று சொல்லலாம் என முடிவு செய்தபோது ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

நர்ஸ் கதவைத் திறந்தாள். "தூபா கானூம், வாங்க."

தூபா எழுந்தாள். நௌஸர் அவசரமாக நர்ஸிடம் போனார். "ஏம்மா, பேரு தப்பு. நோயாளி நான்தான். என் பேரு நௌஸர்."

"உங்க பேரை மறப்போமா, ஆகா?" என்றாள் நர்ஸ். "நாற்காலியில உட்கார்ந்து பின்படியில ஓடினவர் நீங்க ஒருத்தர்தானே? நாங்க பயந்துபோய் வீட்டுக்குப் போன் பண்ணினோம். கானூம்தான் அரை மணியில டாக்ஸி பிடிச்சு வந்தாங்க. நாற்காலி சும்மா இருக்கு, படமும் எடுத்தாச்சு, எனக்குப் போட்டுடுங்கன்னு ஏறி உட்கார்ந்துட்டாங்க. ஒரு முனகல் முனகலை. கெட்டியான மனுஷி!"

கதவு சாத்திக்கொண்டது. நௌஸர் பெஞ்சில் உட்கார்ந்தார். வீக்கம், ஐஸ், உப்புக் குறைத்த சூப், மூடிய கதவுக்குள் கேட்ட சிரிப்பு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தன. எதிரே யாரோ ஒரு கிழவர் அவரைப் பார்த்து, "வலியா?" என்று பரிவோடு கேட்டார். நௌஸர் தலையாட்டினார்.

உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டக்'.

தூபா வெளியே வந்தாள். சிரித்தாள். கண்ணாடி பார்த்துப் பழகாத புதுச் சிரிப்பு. கன்னம் நிறைந்து, கல்யாணமான புதிதில் இருந்தவளைப் போல இருந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்தாள். கடித்தாள். 'மடக்' என்ற சத்தம் காத்திருந்தவர்கள் எல்லார் காதிலும் விழுந்தது.

"உனக்கு எல்லாம் தெரியுமா?" என்றார் நௌஸர்.

"நர்ஸ் போன் பண்ணினப்பவே தெரியும்."

"அப்ப என் பஞ்சு?"

"ரெண்டு கன்னத்துக்கும் ஒரே அளவா வச்சிருந்தீங்க. நல்லா இருந்துச்சு."

"தெரிஞ்சும் மூணு மாசம் ஒரு வார்த்தை கேட்கலையே, தூபா! சண்டையாவது போட்டிருக்கலாமே?"

தூபா வெள்ளரிக்காயை இன்னொரு கடி கடித்து, நிதானமாக, இரண்டு பக்கமும் மென்று விழுங்கினாள்.

"சண்டை போட்டிருந்தா ரோஷத்துல மறுநாளே வந்து நீங்களும் போட்டுக்கிட்டுப் படுத்திருப்பீங்க. அப்புறம் எனக்கு யாருங்க சூப் வச்சுக் கொடுப்பா?"