சீஐடி அண்ணையும் மாப்பிள்ளையின் கார் மூடியும்

லண்டன் பிளேஸ்டோவுக்கு முருகனே மயிலில் வந்து இறங்கினாலும், மயிலுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் தெருச் சீஐடி அண்ணைதான். அவருடைய சொந்தப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், "ஏன் கேக்கிறாய்?" என்பார்.

மின்சார மீட்டர் பார்க்க வந்தவரை வாசலிலேயே நிறுத்திப் படம் எடுத்தவர் அவர். என் மகனின் பிறந்தநாள் கேக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால், முதல் துண்டை என்னையே சாப்பிடச் சொல்லிவிட்டு, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மனைவி போடும் தேநீரில் ஒருநாள் சீனி கூடினாலும், "இண்டைக்கு என்ன விசேஷம்?" என்று விசாரணை தொடங்கிவிடும்.

அவருடைய மகள் தர்சினிக்கு வந்த சம்பந்தங்களும் இப்படித்தான் போயின. முதல் வந்த பையன் அடிக்கடி சிரித்தானாம்; சந்தேகம். அடுத்தவன் சிரிக்கவே இல்லையாம், அதைவிடச் சந்தேகம். பிறகு லண்டனின் மறுபக்கம், எட்மண்டனில் இருந்து ஒரு பையன் வருவதாக ஏற்பாடானது. தர்சினி அவனோடு போனில் பேசிப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று வாய்திறந்து சொல்லியும்விட்டாள். அண்ணையின் மனைவி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த மனுசனுக்குப் பக்கத்திலையே இரும். இதையும் குழப்பினாரெண்டால், இனி ஒருத்தனையும் பாக்கமாட்டனெண்டு பிள்ளை சொல்லிப்போட்டாள்."

ஞாயிற்றுக்கிழமை பையனும் தாயாரும் வந்தார்கள். அண்ணை வேட்டி சால்வையோடு வரவேற்றார். தேநீர் வருவதற்குள் ஆளைக் காணோம். தேடிப் போனால் குசினியில், அடுப்புப் பக்கம் நிற்கிறார். கார்ச் சில்லின் நடுவே கம்பெனி முத்திரையோடு ஒரு சின்ன வட்டமூடி இருக்குமே, அது அவர் கையில்.

"அண்ணை, இதென்ன?"

"மாப்பிள்ளையின்ரை கார் மூடி. மற்ற மூண்டும் மங்கல், இது மட்டும் மினுங்குது. ஏன்? எங்கையோ இடிச்சிருக்கிறான். ஸ்க்ரூ டிரைவராலை கிளப்பிப் பாத்தன். பின்பக்கத்துக் கொளுவி முறிஞ்சு போச்சு."

நான் ஹால் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குசினிக் கதவைச் சாத்தினேன். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, கைவேலையில் மனுசன் கெட்டிக்காரர். முறிந்த இடத்தில் சூப்பர் குளூ ஒரு துளி, அதன்மேல் அப்பத்துக்குப் போடும் சோடாத்தூள் ஒரு சிட்டிகை. கண்மூடித் திறப்பதற்குள் கொளுவி கல்லாகிவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம்.

"உடனை ஒட்டும் எண்டு டியூப்பிலை எழுதியிருக்கு. எழுதினால் நம்பிறதோ?" என்று இன்னொரு துளி விட்டு, மூன்று விரலால் அழுத்திப் பார்த்தார்.

டியூப்பில் எழுதியிருந்தது உண்மைதான்.

"இழுக்கட்டோ?"

"ஐயோ இழுக்காதேங்கோ அண்ணை, தோல் வரும்!"

ஹாலில் இருந்து கூப்பிட்டார்கள். அண்ணை வலக்கையை மூடியோடு சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். இடக்கையால் தேநீர் குடித்தார், பொறுத்துக்கொண்டார்கள். இடக்கையால் பலகாரத் தட்டை நீட்டினார். பையனின் தாயாருடைய முகம் சுருங்கிவிட்டது. என் பக்கம் சாய்ந்து, "தம்பி, அவருக்கு மற்றக் கை வழங்காதோ? பரம்பரை வருத்தமோ? எங்களிட்டை மறைச்சுப்போட்டினம்" என்றார். ஊரையே சந்தேகப்பட்ட மனிதரை அவர் வீட்டுச் சோபாவில் வைத்தே சந்தேகப்படுகிறார்கள்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அப்ப நாங்கள் வெளிக்கிடுறம். யோசிச்சுச் சொல்லுறம்" என்று அந்த அம்மா எழும்பினார். இப்படிச் சொன்னவர்கள் யாரும் யோசித்ததுமில்லை, சொன்னதுமில்லை. தர்சினியின் முகம் செத்துப்போனது. அண்ணை அதைப் பார்த்தார். பட்டென்று சால்வையை விலக்கிக் கையை நீட்டினார்.

"எனக்கொரு வருத்தமும் இல்லை. தம்பி, இது உம்மடை கார் மூடி. காரை இடிச்சிட்டு மறைக்கிறீரோ எண்டு கழட்டிப் பாத்தன், முறிஞ்சிட்டுது. ஒட்டப் போய் நானும் ஒட்டுப்பட்டிட்டன். பிழை என்ரை. பிள்ளைக்கு இதிலை ஒண்டும் தெரியாது."

பையன் குனிந்து மூடியைப் பார்த்தான். பிறகு வெடித்துச் சிரித்தான்.

"அங்கிள், அது முதலே உடைஞ்சது! நான்தான் வீட்டிலை ஒட்டி ஸ்ப்ரே அடிச்சனான். அதான் ஷைனிங்."

"என்ரை மேசைவிரிப்பும் அதோடை நாசம்" என்று சொல்லிக்கொண்டு தாயார் திரும்ப உட்கார்ந்தார். அண்ணையின் மனைவி அடுத்த தட்டுப் பலகாரம் எடுக்க ஓடினார்.

தர்சினி நகப்பூச்சு அழிக்கும் தண்ணீரும் பஞ்சும் கொண்டுவந்தாள். அவள் ஒரு பக்கம் இருந்து விரல்களைத் துடைக்க, பையன் மறுபக்கம் இருந்து போன் வெளிச்சம் பிடித்தான். முதலில் பசையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு வேலையைப் பற்றி. பிறகு என்னவோ ஆங்கிலத்தில் குசுகுசுத்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நடுவில் அண்ணை ஆடாமல் அசையாமல் இருந்தார்.

"விட்டிட்டுதோ அப்பா?"

"இல்லைப் பிள்ளை. இன்னும் இல்லை."

நான் கிட்டத்தான் இருந்தேன். மூன்று விரலும் எப்போதோ விட்டிருந்தன. பாவி மனுசன், மூடியை விரல்நுனியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, "அவசரமில்லை, ஆறுதலாச் செய்யுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.