நட்சத்திரம் போட்ட பாட்டெல்லாம் எங்கே?

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வீடு சௌக்கியம். நீங்கள் வாங்கிக்கொடுத்த பாட்டுப் பெட்டி சௌக்கியம், பச்சை விளக்கு நன்றாக எரிகிறது. உங்கள் அத்தையும் சௌக்கியம்தான், என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டில் என் மகள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுகிறாள். இந்தப் பக்கம் எனக்குப் போனில் மட்டும் காது மந்தம் என்பதால் நானும் ஸ்பீக்கரில்தான் போட வேண்டியிருக்கிறது. நாம் இருவரும் ரகசியம் பேசினால் இரண்டு வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கேட்கும். ஆகவே மின்னஞ்சல். மகளிடம் காட்ட வேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை கொடுத்த பொருளைக் குறை சொல்லும் பழக்கம் எனக்கும் கிடையாது, உங்கள் அத்தைக்கும் கிடையாது. குறை பெட்டியின் மேல். அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தவர் யார், மாட்டியவர் யார், இனிமேல் கணினியைத் திறக்கவே வேண்டாம், சோபாவில் சாய்ந்துகொண்டு டிவியிலேயே கேட்கலாம் என்று சொன்னவர் யார் என்பதற்குள் எல்லாம் நான் போகவில்லை.

உங்கள் அத்தையும் அவள் தங்கையும் ஒரு காலத்தில் ஒரே மெல்லிசைக் குழுவில் பாடியவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர் என்று இந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்களில் யாரையும் அவர்கள் விட்டுவைத்ததில்லை. அந்தக் கச்சேரி கேசட்டுகளை எல்லாம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, நீங்கள் புதியது வாங்கியபோது எனக்குக் கொடுத்த பழைய கணினியில் ஏற்றினேன். ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர் வைத்ததும் நான்தான். அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவன் நான். எதைப் பார்த்தாலும் ஓரத்தில் ஒரு குறி போடாமல் கை நிற்காது. உங்கள் அத்தை நன்றாகப் பாடியிருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம், பிரமாதமாகப் பாடியிருந்தால் இரண்டு. பாட்டின் பெயர் மேற்கோள் குறிக்குள். எந்த மேடை என்பதற்கு முன்னால் முக்காற்புள்ளி. சில பாட்டுகளில் கேள்விக்குறியும் அதற்கு முன்னால் சில சொற்களும் இருந்தன. அது தொழில் சம்பந்தப்பட்டது, நமக்குள் இருக்கட்டும். மச்சினி பாடியவற்றுக்கு நான் ஒரு குறியும் போடவில்லை. அடுத்த வீட்டுப் புரூஃபை நான் ஏன் திருத்த வேண்டும்? படகுப் பாட்டு, ரயில் பாட்டு என்று மொட்டையாகப் பெயர் வைத்து ஒதுக்கிவிட்டேன்.

பழைய கணினி இதையெல்லாம் வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டது. உங்கள் பெட்டி, பெயரில் குறி இருந்த பாட்டு எதையும் ஏற்கவில்லை. ஏற்கவில்லை என்று சொன்னாலாவது மனுஷன் உஷாராக இருப்பான். அச்சகத்தில் என் மேலாளருக்கும் கேள்விக்குறி பிடிக்காதுதான், ஆனால் அவர் தாளைத் திருப்பி மேஜையில் வீசுவார், விழுங்கிவிட்டுப் பச்சை விளக்கைக் காட்டமாட்டார். ஆயிரக்கணக்கான பாட்டைத் தாங்கும் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஒரு நட்சத்திரத்தைத் தாங்க முடியவில்லை.

இது எனக்கு எப்போது தெரிந்தது என்பதுதான் விஷயமே. குழுவை நடத்திய மாஸ்டர் பழைய ஆட்களைச் சேர்த்து மறுபடி ஒரு மேடை போடுகிறார். தனிப்பாட்டு ஒன்றே ஒன்று, அது அக்காவுக்கா தங்கைக்கா என்பதைப் பழைய பதிவுகளைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று நம் வீட்டுக்கே வந்தார். மச்சினியும் வந்தாள். அத்தை குளிர்ந்த தண்ணீரைக் கையால் தொடுவதை நிறுத்திப் பல நாளாகியிருந்தது. பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு குரல் பழகுவாள், நான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. அவளுக்கு அந்தப் பாட்டு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நானே ரிமோட்டை எடுத்துப் பெருமையாக டிவியைப் போட்டேன்.

படகுப் பாட்டு வந்தது, மச்சினி. ரயில் பாட்டு வந்தது, மச்சினி. கீழே தள்ளத் தள்ள மச்சினி. வீட்டுக்காரி பாட்டு ஒன்றுகூட இல்லை. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட ஆரம்பித்துவிட்டார். "அத்தான், நான் இவ்வளவா பாடியிருக்கேன்? எனக்கே மறந்துபோச்சு, நீங்க பத்திரமா வெச்சிருக்கீங்களே" என்றாள் மச்சினி. நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அதுதான் வம்பாகப் போயிற்று. உங்கள் அத்தை டிவியையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பெட்டியில் ஏதோ கோளாறு என்று நான் ஆரம்பித்தேன். "பெட்டிக்கு நான் யாரு, அவ யாருன்னு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டாள். அச்சகத்தில் கற்றதை வைத்து எப்படி விளக்குவது? உன் பாட்டு பிரமாதமாக இருந்ததால்தான் காணாமல் போயிற்று என்றா சொல்வது? சொல்லியும் பார்த்தேன். மாஸ்டர் சிரித்தார். பெரியவங்க பதிவு கிடைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் கேட்க வையுங்கள், இல்லையென்றால் சின்னவங்களையே பாடச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று போனில் உங்களிடம் கேட்டபோது, பெயரில் இருக்கும் குறிகளை எடுத்தால் சரியாகிவிடும், சின்ன விஷயம் மாமா என்றீர்கள். சின்ன விஷயம்தான். உட்கார்ந்தேன். மழைப் பாட்டில் இரண்டு பதிவு உண்டு. ஒன்று இரட்டை நட்சத்திரம், அவள் வாழ்நாளில் பாடியதிலேயே அதுதான் உச்சம். இன்னொன்று கேள்விக்குறி போட்டது, அதில் மைக் ஊளையிடும், அவளும் கொஞ்சம்... வேண்டாம். இரண்டிலும் குறி, மேடை, சொல் என்று இருந்த ஒட்டு உறவையெல்லாம் வெட்டி எறிந்தேன். இரண்டும் வெறும் மழைப் பாட்டு ஆயிற்று. உடனே கணினி, இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதன் இடத்தில் இதை வைக்கட்டுமா என்று கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு இயந்திரம் என்னிடம் அனுமதி கேட்கிறதே என்று சரி என்று அழுத்திவிட்டேன். இரட்டை நட்சத்திரம் போயே போய்விட்டது. ஊளை தங்கிவிட்டது. அந்த ஊளையை மட்டும் உங்கள் பெட்டி வாயெல்லாம் பல்லாக வரவேற்று டிவியில் முதல் வரிசையில் உட்கார வைத்தது. அத்தை கூடத்துக்கு வந்து அதை முழுசாகக் கேட்டாள். டிவியை அணைத்தாள். "என் பாட்டுல இது ஒண்ணுதான் கிடைச்சுதா உங்களுக்கு?" என்றாள். அதுதான் கடைசியாகப் பேசியது. இப்போது டீ போட்டுக்கொண்டுவந்து என் பக்கத்தில் வைப்பதில்லை, பெட்டியின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள், அதுதான் குடிக்கும் என்பதுபோல. நான் எழுந்துபோய் எடுத்துக்கொள்கிறேன். வேறு எந்தக் கோப்பின் பெயரையும் தொட எனக்கு இனித் தைரியம் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. பெட்டியை மாட்டிய அன்று எல்லாப் பாட்டுக்கும் ஒரு நகல் எடுத்து உங்கள் வீட்டில் வைத்திருப்பதாகவும், அங்கிருந்தபடியே இந்தப் பெட்டிக்குள் நுழைய முடியும் என்றும் சொன்னீர்கள். அப்போது எனக்கு அது பிடிக்கவில்லை. இப்போது பிடித்திருக்கிறது. தயவுசெய்து நுழையுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அவள் பாட்டு மாஸ்டர் காதில் விழ வேண்டும். நீங்களே நேரில் புறப்பட்டு வந்துவிட்டால் இன்னும் நல்லது. மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தாலாவது அவள் கூடத்துக்கு வருவாள், நானும் அந்த சாக்கில் அவளோடு நாலு வார்த்தை பேசிவிடுவேன். அவள் பாட்டை நான் ஒருநாளும் ஒளித்துவைக்கவில்லை என்று நீங்கள் ஒருவர் சொன்னால் போதும். நான் சொன்னால் நம்பமாட்டாள், நீங்கள் சொன்னால் மறுபேச்சு பேசமாட்டாள்.

நீங்களும் என் மகளும் எல்லா நலமும் பெற்று, ஒருவர் சொல்வதை ஒருவர் விழுங்காமல், பச்சை விளக்கு அணையாமல் நெடுநாள் வாழ மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா

பின்குறிப்பு: இதை அனுப்பக் கையை வைத்தபோதே பெட்டியின் விளக்கு படபடவென்று துடித்தது. அன்று நான் போனில் சொன்னதை வைத்தே நீங்கள் நுழைந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. எல்லாப் பாட்டும் வந்துவிட்டது, இரட்டை நட்சத்திர மழைப் பாட்டு உட்பட. அத்தை அதை மாஸ்டருக்குப் போனிலேயே போட்டுக் காட்டினாள். தனிப்பாட்டு அவளுக்குத்தான் என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார். டீ என் கைக்கே வந்தது. மேலே எழுதியதையெல்லாம் அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் மாப்பிள்ளை, நீங்கள் குறிகளை எல்லாம் எடுத்துவிட்டுச் சின்னச் சின்னக் கோடு போட்டிருக்கிறீர்கள். கேள்விக்குறிக்கு முன்னால் நான் எழுதிய சொற்களை எடுக்கவில்லை. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரிமோட்டால் ஒவ்வொன்றாகக் கீழே தள்ளி, அவ்வளவு பெரிய டிவியில் சத்தமாகப் படித்தாள். தாலாட்டு, குழந்தை எழுந்துவிடாதா. தோட்டப் பாட்டு, இரண்டாம் சரணத்தில் சுருதி எங்கே. நிலாப் பாட்டு, இது மூச்சா தும்மலா. படித்து முடித்துவிட்டு, இதெல்லாம் யார் எழுதினது என்று கேட்டாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீங்கள் என்று சொல்லிவிட்டேன். உங்களை அவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள் என்ற தைரியம்தான்.

சொல்லவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள். "மாப்பிள்ளைக்கு இவ்வளவு சங்கீதம் தெரியும்னு எனக்குத் தெரியாமப் போச்சே. கச்சேரி வரைக்கும் தினம் பக்கத்துல உட்கார்ந்து எனக்குச் சொல்லித் தரட்டும்" என்றாள். ஆகவே நேரில் வரச் சொன்னதை அடித்துவிடுங்கள். வரவே வராதீர்கள். போன் வந்தால் எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் தாலாட்டைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

அடுக்களையில் மணி போகிற சத்தம் கேட்கிறது. அத்தை கூப்பிடுவது உங்கள் நம்பரைத்தான். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள்.