ஆறு மணிப் பந்தயம்

ஒரு கேம் கன்ட்ரோலரில் விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. டிவியில் கார் மட்டும் அசைய மறுத்தது. லிஃப்ட் மெக்கானிக் பட்டனை மறுபடி அழுத்தினார். மேல் மாடியில் டொய்ங் என்று ஏதோ இசை கிளம்பியது.

"மேல்வீட்டு டீச்சருக்கு லீவு விட்டா இதே வேலை. பட்டப்பகல்ல கேம் ஆடிக்கிட்டு" என்றார்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

அவர் வேலை லேசுப்பட்டதல்ல. ஆறு மணிக்குள் இரண்டு கன்ட்ரோலரும் ஓடியாக வேண்டும். இருபத்து மூன்று நாட்களாக அவரும் மகளும் பேசுவதில்லை. மகளுக்கு வெளியூர் மாற்றல் வந்ததும், அவளைக் கேட்காமல் அவள் மேனேஜருக்குப் போன் போட்டு, "அனுப்பாதீங்க சார், குழந்தை தனியா இருந்து பழக்கமில்லை" என்று சொல்லிவைத்தார். குழந்தைக்கு இருபத்தாறு வயது. ஆபீஸே சிரித்தது. அன்றிலிருந்து வீட்டில் எல்லாப் பேச்சும் அம்மா வழியாகத்தான். "அம்மா, அப்பாவைக் கொஞ்சம் நகரச் சொல்லு" என்பாள் மகள், அப்பாவின் காதுக்கு அரையடி தூரத்தில் நின்றுகொண்டு.

ஆறு மணிக் கார்ப் பந்தயம் மட்டும் நிற்கவில்லை. அது பல வருஷப் பழக்கம். சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு எழுந்து போவார்கள். நாளைக் காலை அவள் கிளம்புகிறாள். இன்று பந்தயமும் இல்லையென்றால், பக்கத்தில் உட்காராமலேயே போய்விடுவாள்.

"அவளுக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"முப்பது வருஷமா லிஃப்ட் பாக்கறேன். இந்தச் சுண்டைக்காய்க்கு அவளைக் கேக்கணுமா?"

சார்ஜ் இல்லையோ என்னவோ என்று கன்ட்ரோலரின் ஒயரை டிவிக்குக் கீழே இருந்த கேம் கன்சோலில் சொருகப் போனார். மனைவி பாய்ந்து வந்தாள். "அதுல வேணாம், சூடாகித் தொலையப் போகுது. போன் சார்ஜர்ல போடுங்க."

போட்டார். ஒரு மணி நேரம் போனதுதான் மிச்சம்.

லிஃப்ட் தொழிலில் ஒரு கைவைத்தியம் உண்டு: மின்சாரத்தை நிறுத்தி, பத்து எண்ணி, மறுபடி போடுவது. கன்சோல் ஒயரை வெடுக்கென்று பிடுங்கிப் போட்டார். கன்சோலுக்குக் கோபம் வந்துவிட்டது. 'சரிபார்க்கிறேன், அணைக்காதீர்கள்' என்று முக்கால் மணி நேரம் வட்டம் சுற்றியது.

அடுத்து, நன்றாக ஓடிய இன்னொரு கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு மெனுவுக்குள் இறங்கினார். இணைத்ததை எல்லாம் நீக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்ற யோசனை அவருக்கே அபாரமாகப் பட்டது. 'அனைத்தையும் நீக்கு' என்பதை அழுத்தினார். கையிலிருந்த நல்ல கன்ட்ரோலரும் செத்துப்போனது. லிஃப்டுக்குள் நின்றுகொண்டே லிஃப்டை அணைத்தவன் கதைதான். அப்படிப்பட்டவர்களை அவர் எத்தனையோ தடவை வெளியே இழுத்து, திட்டியும் அனுப்பியிருக்கிறார்.

"இப்பவாவது அவளைக் கேளுங்க."

"நீ சும்மா இரு!"

ஸ்க்ரூடிரைவர் வந்தது. கன்ட்ரோலர் மூடியைத் திறந்ததும் ஒரு குட்டி ஸ்பிரிங் துள்ளி அலமாரிக்கு அடியில் ஓடியது. அதைத் தேடி அவர் குப்புறப் படுத்திருந்தபோது மகள் உள்ளே வந்தாள்.

"அம்மா, அப்பா ஏன் தரையில—"

"எனக்குக் கை நிறைய வேலை இருக்கு. நீயே கேட்டுக்கோ" என்று மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள்.

மகள் அப்பா பக்கம் திரும்பினாள். "என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?"

இருபத்து மூன்று நாட்களில் நேராக வந்த முதல் கேள்வி. "எல்லாத்தையும் அழிச்சிட்டேன்மா. நல்லா இருந்ததையும் சேர்த்து."

அவள் பையைக் கீழே வைத்தாள். "கொஞ்சம் தள்ளுங்க" என்று பக்கத்தில் குப்புறப் படுத்து, போன் வெளிச்சத்தை அடித்தாள். அலமாரிக்கடியில் ஒரே தூசி. முகம் பார்க்க வேண்டாத இடம் என்பதால் அவருக்குத் தைரியம் வந்தது.

"உன்னைக் கேக்காம நான் போன் பண்ணியிருக்கக் கூடாது. நீ இல்லாத வீட்டை நெனச்சுப் பயந்துட்டேன்."

"எனக்கும்தாம்பா பயம். அதை நான் யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தேன். நீங்க போய் மேனேஜர்கிட்ட சொல்லிட்டீங்க."

"தப்புதான்."

"சரி விடுங்க. ஸ்பிரிங் இதோ இருக்கு."

ஸ்பிரிங்கைப் பொருத்தி, ஒயரைக் கன்சோலிலேயே சொருகி, பட்டனை அழுத்தினாள். அரை நிமிஷத்தில் ஒன்று, அடுத்த அரை நிமிஷத்தில் இன்னொன்று என இரண்டும் உயிர் பெற்றன. "ஒரு தடவை இதுல சொருகினாப் போதும்பா, அவ்வளவுதான்."

"உங்கம்மாதான் வேணாம்னா!"

சமையலறையில் பாத்திரங்கள் திடீரென்று பலமாகச் சத்தம் போட்டன.

பந்தயம் தொடங்கியது. அவர் மூன்று தடவை சுவரில் மோதினார். காரைவிட வாய்தான் வேகமாக ஓடியது. அங்கே வீடு எப்படி, சாப்பாடு எப்படி, லிஃப்ட் இருக்கிறதா, யார் பராமரிக்கிறார்கள் என்று விடாமல் கேட்டார். அவளும் அலுக்காமல் பதில் சொன்னாள்.

அப்போது மேல்வீட்டு டீச்சர் வாசலில் வந்து நின்றாள். சோபாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அக்கா, ரெண்டு பேரும் பேசிட்டாங்க போலிருக்கே! மத்தியானம் பூரா எங்க டிவி தானா ஆன் ஆகி உயிரை வாங்கினாலும், காலையில நீங்க ஒரு கன்ட்ரோலரைக் கொண்டாந்து எங்க கன்சோலோட இணைச்சுவிடச் சொன்னது வீண் போகலை!"