இன்சூரன்ஸில் மச்சான்

"உங்களால வேன் ஓட ஏலுமா, நானா?" என்று வேலையாள் தவச்செல்வன் கேட்டான்.

கராஜ் முதலாளி லத்தீப் வலது காலைத் தூக்கிக் காட்டினார். காலையில் ஜாக்கி சறுக்கி விழுந்ததில் பாதம் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது.

"பிரேக் எங்க எண்டு எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியோணுமே!"

பாலாவியில் அந்தக் கராஜ். வாசலில் இன்னாசிப்பிள்ளையின் வேன் திருத்தி முடிந்து நின்றது. பின்னேரம் எத்தாளையில் அவருடைய மகளுக்குக் கல்யாணம். பெண்ணைச் சேர்ச்சுக்கு ஏற்றிப் போக வேன் மூன்று மணிக்குள் அங்கே போக வேண்டும். "கொண்டுவந்து தாறது என்ட பொறுப்பு" என்று லத்தீப் வாக்குக் கொடுத்திருந்தார். தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து ஒரு பையோடு வந்தவர் அவர். இந்த ஊரில் சம்பாதித்த பெரிய சொத்தே அவருடைய வாக்குத்தான்.

இன்னாசிப்பிள்ளையும் சூடு கண்ட பூனை. முன்பு வேறொரு கராஜ்காரன் இந்த வேனை மதிலில் மோதியபோது, ஓடியவனின் பெயர் இல்லையென்று இன்சூரன்ஸ் கம்பனி கையை விரித்துவிட்டது. "உங்கட இன்சூரன்ஸில பேர் இருக்கிற ஆள்தான் ஓடிக்கொண்டு வரோணும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கராஜ் இன்சூரன்ஸ் அப்படித்தான். திருத்த வந்த எவருடைய வாகனத்தையும் ரோட்டில் இறக்கலாம். ஆனால் பெயர் கொடுத்தவர்கள் மட்டுமே ஓட்டலாம். லத்தீப் எடுத்ததில் இரண்டு பேருக்கு இடமிருந்தது. ஒருவர் அவர். மற்றவன் நியாயப்படி தவச்செல்வன். ஆனால் அக்கா முனவ்வரா ராத்தாவின் கணவர் செய்னுலாப்தீன் மச்சான் இருக்கும்போது வேலையாளின் பெயரைப் போட்டால் குடும்பத்தில் யார் முகத்தில் விழிப்பது? கல்யாணக் கார்டில் பெயர் போடுகிற மாதிரி லத்தீப் இதிலும் மரியாதை பார்த்துவிட்டார். மச்சானிடம் லைசன் இருந்தது. மன்னாரில் லொறி ஓடிய கதைகளும் தாராளமாக இருந்தன.

"அப்ப மச்சானைக் கூப்பிடுங்கோவன்."

"அவர் என்னோட கதைக்கிறல்லயே!"

போன கிழமை லத்தீப் வீட்டில் மௌலூது விருந்து. ஆறு பேர் ஒரே தாலத்தைச் சுற்றியிருந்து உண்ணும் சஹன் சாப்பாடு. முதல் சஹன் பெரியவர்களுக்கு. கறி பார்க்கும் அவசரத்தில் லத்தீப் கவனிக்கவில்லை; திரும்பிப் பார்த்தால் மச்சான் இளசுகளோடு இரண்டாம் சஹனில் இருந்தார். அன்று எழுந்து போனவர்தான்.

"கம்பனிக்குக் கோல் எடுத்து என்ர பேரையும் போடச் சொல்லுங்கோ."

"இண்டைக்குப் போயா லீவு. கம்பனி பூட்டு."

லத்தீப் மனைவி ஸபீனாவிடம் வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார். கிண்ணம் அப்படியே திரும்பி வந்தது.

"பொம்புளைய அனுப்பிச் சமாளிக்கப் பாக்கிறீங்களாம். கோவம் கூடிப் போச்சு" என்றாள்.

அடுத்து, பள்ளிவாசல் ஹமீட் ஹாஜியாரைத் தூது விட்டார். மச்சான் கதவையே சாத்திவிட்டாராம். "குடும்ப விசயத்த ஊருக்குச் செல்லிட்டானே!" என்று உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்ததாம்.

வேறு வழியில்லை. லத்தீப் ஆட்டோ பிடித்து, ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு போய் மச்சானின் கதவைத் தட்டினார். அக்கம்பக்கம் கூடிவிட்டது.

"மச்சான், வாப்பா மௌத்தானதுக்குப் பொறகு எனக்கு நீங்கதான் வாப்பா. இண்டைக்கு என்ட வாக்குப் போகப் போகுது, மச்சான்!"

சொல்லும்போது உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. கதவு திறந்தது. மச்சானின் முகம் வெளிறிப்போயிருந்தது. சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தார், மச்சினனின் காலைப் பார்த்தார். "சரி, வா" என்றார்.

வெள்ளைத் தொப்பியோடு கராஜுக்கு வந்து வேனில் ஏறி, "பிஸ்மில்லாஹ்" என்று எதையோ திருகினார். வெயிலில் வைப்பர் ஆடியது. அடுத்ததைத் தட்டினார். ஹோர்ன் அலறியது.

"புது மொடலாக்கும்" என்றார்.

வேனுக்கு வயது இருபது. கடைசியில் எஞ்சின் பிடித்தது. வேன் ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு துள்ளுத் துள்ளி, டயர்க் குவியலில் முட்டி நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கோட்டும் சூட்டுமாக யாருடைய மோட்டார் சைக்கிளிலோ வந்து இறங்கினார் இன்னாசிப்பிள்ளை.

"எத்தினை கோல் எடுத்தன்! ஒருத்தரும் தூக்கேல்லயே!" என்றவர் லத்தீப்பின் காலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானே வந்து எடுத்திருப்பன்தானே, நானா? கீறல் ஒண்டும் இல்ல, கவலைப்படாதீங்கோ. எல்லாரும் கல்யாணத்துக்கு வந்து சேருங்கோ."

அவரே வேனை எடுத்துக்கொண்டு பறந்தார். லத்தீப்புக்கு மூச்சு வந்தது. மச்சானோ தலை நிமிரவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

"கோவத்தில கை நடுங்கிட்டுப் போல, மச்சான்" என்றார் லத்தீப் மெதுவாக. "அந்தச் சஹன் விசயத்தில என்னை மன்னிச்சுக்கங்க."

பின்னாலேயே வேறொரு ஆட்டோவில் வந்திருந்த முனவ்வரா ராத்தாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"நீ என்னத்துக்குடா மன்னிப்புக் கேக்கிறாய்? இன்சூரன்ஸில பேரப் போட்ட நாள்ல இருந்து, எப்ப வண்டி ஓடக் கூப்பிடுவியோ எண்டு பயந்து, உன்னோட கோவிக்க ஒரு சாட்டுக் கிடைக்காம, அண்டைக்குத் தானாப் போய் ரெண்டாம் சஹனில குந்தின மனிசன்டா இவரு!"