தலைவருக்கு நாடில்லை

வாக்கெடுப்பு என்பதைக் கெட்ட வார்த்தையாகக் கருதிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் கண்டியில், மலைச்சரிவில் ஏறும் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையின் மேல் வளைவில் குடியிருந்தார். இப்போது மகளோடு மெல்பேர்னில் இருக்கிறார். அவருடைய பெயர் இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. திரீவீல்காரர் முதல் மீன்காரர் வரை எல்லோருக்கும் அவர் ‘செயலாளர் நாயகம்’.

பட்டம் பொய்யில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, வெளிநாட்டில் நம் தூதரகம் ஒன்றில் விசா முத்திரை குத்தத் தொடங்கி, தூதுவராகி, கடைசியில் ஆறுகளைப் பங்கிட்டுக்கொள்ளும் நாடுகளின் அமைப்பு ஒன்றுக்குத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். வாசலுக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று இரண்டு நாடுகள் நாள்கணக்கில் சண்டை பிடித்தபோது, மண்டபத்துக்கு இன்னொரு வாசல் வெட்டச் சொன்னவர்.

ஓய்வுக்குப் பிறகு அவர் கையில் மிஞ்சிய உலகம் எங்கள் ஒழுங்கை மட்டும். குப்பை வண்டி எங்கே நிற்பது, தெருநாய்க்கு யார் சோறு வைப்பது, எல்லாவற்றுக்கும் அவர் வீட்டு முன்னறையில் கூட்டம் நடக்கும். பிளாஸ்டிக் கதிரைகளில் பெயர்களின் அகரவரிசைப்படி உட்கார வேண்டும். அனைவரும் ஒத்துக்கொள்ளும்வரை தேத்தண்ணீர் வராது. திகனயில் துணிக்கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு ஹாஜியார் ஒருமுறை பொறுமையிழந்தார்.

“கையத் தூக்கச் செல்லுங்களே சேர். எண்ணிட்டுப் போவோம்.”

“கை தூக்கினால் தோத்தவன் கோபத்தோட வீட்ட போவான், ஹாஜியார். பிறகு அந்தக் கோபத்துக்கு ஆர் கூட்டம் போடுறது?”

“அப்ப நீங்களாவது ஒரு முடிவச் செல்லுங்க.”

“தலைவருக்கு நாடில்லை. கூட்டத்துக்குத் தலைமை தாங்கிறவன் ஒரு பக்கத்துக்கும் பேசேலாது.”

ஒரு வருடம், மழைக்காலம் தொடங்குமுன், விஷயம் பெரிதானது. ஒழுங்கையின் அடியில், கடைசி வீடு செல்வியக்காவுடையது. மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, டவுனில் மருந்துக்கடையில் வேலை செய்து அவர் கட்டிய வீடு. அதன் பின்புற மண்மேட்டில் வெடிப்பு விட்டிருந்தது. நான் சிவில் பொறியியல் படித்தவள் என்பதால் மட்டம் வைத்துப் பார்த்தேன். மேலிருந்து வரும் தண்ணீரை வடிகாலாக ஒரு கான் வெட்டித் திருப்பாவிட்டால், அடுத்த பெருமழைக்கு மேடு வீட்டுக்குள் வந்துவிடும். கான் போக இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று ஹாஜியாரின் முற்றம், மற்றது செயலாளர் நாயகத்தின் தோட்டம்.

இரண்டாவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தத் தோட்டம் அவருடைய உத்தியோக வாழ்க்கை. வேலை பார்த்த ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு செடி வைத்து, செடிக்கொரு ஊர்ப்பெயர்ப் பலகையும் நட்டிருந்தார். ரோஜாவுக்கு ‘ஜெனீவா’, ஒரு முள்மரத்துக்கு ‘நைரோபி’.

மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தை நகரசபை ஒரே ஒரு நாளைக்கு அனுப்பியது. அன்று காலையிலிருந்து கூட்டம். ஹாஜியார் அசையவில்லை.

“என்ட முத்தத்தால வெட்டினா மதில் விழுந்துரும். நம்ம இன்ஜினியர் புள்ளையையே கேளுங்க.”

கேட்டார்கள். உண்மைதான் என்று சொல்ல வேண்டியிருந்தது.

நாலு மணிக்கு இயந்திரம் போய்விடும். நாலு மணி நெருங்கும்போது செயலாளர் நாயகம் கதிரையில் ஏறி, சுவர்க் கடிகாரத்தின் பற்றரியைக் கழற்றினார்.

“நேரத்தை நிப்பாட்டியாச்சு. பெரிய மாநாடுகளில இதுதான் வழக்கம். முடிவு வருமட்டும் நாலு மணி ஆகாது.”

வாசலில் நின்ற பெக்கோ சாரதி, சிங்களவர், தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “மாத்தயா, என்ட போன்ல மணி ஓடுதுதானே!”

சிரிப்பு அடங்கியபோது செல்வியக்கா அழுதுகொண்டிருந்தார். “நீங்க பேசுங்கய்யா, பேசுங்க. மழை வந்தா நான் புள்ளைங்கள எங்க கொண்டு போய்ப் படுக்க வைக்கிறது?”

செயலாளர் நாயகம் கதிரையை விட்டு மெதுவாக இறங்கினார். என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, நீர் தலைமையை எடும். எனக்கு இப்ப ஒரு நாடு வேணும்.”

செல்வியக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பேச அனுமதி கேட்டார். தலையசைத்தேன்.

“என்ர தோட்டத்தால வெட்டுங்கோ.”

“ஐயா, வேணாங்கய்யா...”

“ஆருக்கும் ஆட்சேபனை இருக்கோ எண்டு கேளும், தலைவர்.”

கேட்டேன். ஹாஜியார் தலை குனிந்துகொண்டார். ஏகமனதாக நிறைவேறியது என்று அறிவித்தேன்.

சாரதி நாலு மணி தாண்டியும் நின்று வெட்டினார். செயலாளர் நாயகம் குடையை ஊன்றியபடி ஓரத்தில் நின்று வழிகாட்டினார். “மெதுவா, தம்பி. அது ஜெனீவா.” ஜெனீவா போனது. “சரி, இனி நைரோபி.” நைரோபிக்கு வேர் ஆழம். பலமுறை இழுக்க வேண்டியிருந்தது. விழுந்த பலகைகளை ஹாஜியார் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உடுத்திருந்த சாரத்தின் நுனியால் மண் துடைத்து, செயலாளர் நாயகத்தின் வாசலில் அடுக்கினார்.

அந்த மாதமே மழை கொட்டியது. கான் நிறையத் தண்ணீர் ஓடியது. மேடு அப்படியே நின்றது. மழை விட்ட காலையில் செல்வியக்கா சிவப்புப் பூவிட்ட செவ்வரத்தைக் கிளை ஒன்றோடு மேலே வந்தார். செயலாளர் நாயகம் அதைக் கையில் வாங்கினார்.

“இது எந்த நாடு, பிள்ளை?”

“நாடெல்லாம் இல்லைங்கய்யா. எங்க வீட்டு வாசல்ல நின்னது.”

அதை எங்கே நடுவது என்று அவர் கூட்டம் போடவில்லை. யாரையும் கேட்காமல் மண்வெட்டியை எடுத்தார். நாலு வெட்டுக்குள் மூச்சு வாங்கியது. நான் வாளித் தண்ணீரோடு பக்கத்தில் நின்றேன். அப்படியே நின்றுகொண்டிருக்கலாம் போலிருந்தது.