நான் குள்ளமான கதை

இனி என் இடது முழங்காலை யாருக்காகவும் எதற்காகவும் மடக்குவதில்லை என்று ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தேன். பெரிய முடிவுகளை எல்லாம் நான் வாயில் நுரையோடுதான் எடுப்பது வழக்கம். அந்த நேரத்தில்தான் என் மனைவி குறுக்கே பேச மாட்டாள். பேசினாலும் குழாய்ச் சத்தத்தில் கேட்காது.

முடிவுக்குக் காரணம் இருந்தது. நான் பஸ் டிரைவர். கிளட்சை மிதித்து மிதித்தே முழங்காலைத் தேய்த்தவன். டாக்டர் தேய்ந்ததை எடுத்துவிட்டு உலோகத்தில் புதிதாக ஒன்று வைத்தார். அது நன்றாகத்தான் இருந்தது. கெடுத்தது நான். எதிர்வீட்டுக்காரர் பார்க்கிறார் என்பதற்காகக் கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசல்படியில் மிடுக்காக இறங்கினேன். கடைசிப் படி வழுக்கியது. முழங்கால் என்னைக் கேட்காமலே மடங்கியது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். முட்டிச் சில்லைக் கீழெலும்போடு பிடித்து வைத்திருக்கும் தசைநாண் அறுந்துவிட்டது என்றார் டாக்டர். மறுபடி ஆபரேஷன், மறுபடி படுக்கை. தொடையிலிருந்து கணுக்கால் வரை கம்பியும் பட்டையும் வைத்து ஓர் உறை. கல்யாணத்தோடு கால்கட்டு விவகாரம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். இது இரண்டாவது.

தையல் ஆறியது. வலியும் போனது. அந்த 'டப்' மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. காலைக் கொஞ்சம் மடக்கலாம் என்று நினைத்தாலே கேட்கும். பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கம். அதனால் கொள்கை என்று சொல்லிக்கொண்டேன்.

டாக்டரோ நேர்மாறாகச் சொல்லியிருந்தார். நடக்கும்போது மட்டும் உறை போதும், உட்காரும்போது கழற்றிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிப் பழக வேண்டும், இல்லாவிட்டால் கால் அப்படியே விறைத்துப்போகும் என்று. விறைத்த காலோடு பஸ்ஸில் ஏறலாம். பயணியாக.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வருவாள். நல்ல பெண். அவள் கை என் காலைத் தொட ஒரு முழம் இருக்கும்போதே நான் ஆரம்பித்துவிடுவேன்.

"ஐயோ!"

"அங்கிள், நான் இன்னும் தொடவே இல்ல."

"தொட்டா எப்படி வலிக்கும்னு காட்டறேம்மா."

"கொஞ்சமா மடக்குங்க அங்கிள். உங்க நல்லதுக்குத்தான்."

"அது என் கையில இல்லம்மா."

"கையில இல்ல, கால்லதான இருக்கு," என்றாள் என் மனைவி, தையல் மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே. "இந்த வீட்டுல எல்லாத்துக்கும் வளைஞ்சு குடுக்கிற மனுஷன். இந்தக் காலுக்கு மட்டும் எங்கிருந்து வந்துதோ இவ்வளவு ரோஷம்!"

அன்று இருவரும் வாசலில் நின்று நெடுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள். என்ன பேச்சு என்று கேட்டேன். "சட்டை அளவு," என்றாள். என் மனைவி வீட்டிலேயே தைப்பவள். எங்கள் டிப்போவில் பாதிப் பேரின் சீருடை அவள் தைத்ததுதான். அதனால் நம்பினேன்.

மறுநாளிலிருந்து ஒரு அதிசயம். யாரும் என்னை மடக்கச் சொல்லவில்லை. பயிற்சிப் பெண் வருவாள், கணுக்காலை ஆட்டச் சொல்வாள், தொடையை இறுக்கச் சொல்வாள், என் நாற்காலியை ஒரு பார்வை பார்ப்பாள், போய்விடுவாள். கொள்கை ஜெயித்துவிட்டது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி. அதை முழுதாக அனுபவிக்க வேண்டும் என்று, உறையைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலை நீட்டியபடி உட்கார உயரமாக வேண்டும் என்பதால், வெட்டி மிஞ்சிய துண்டுத்துணிகளைத் திணித்துத் திணித்து ஒரு திண்டு தைத்துப் போட்டிருந்தாள் என் மனைவி. அதன்மேல் உட்கார்ந்தால் சிம்மாசனம்தான். ஜன்னல் வழியே தெரு முழுவதும் தெரியும். என் பஸ் தெரியும். ஆமாம், நான் ஓட்டிய அதே பஸ், அதே வழித்தடம். தலைவிளக்கிலிருந்து டயர் வரை பார்ப்பேன். புது டிரைவர் திருப்பத்தில் பிரேக்கை மிதிக்கும் அழகைப் பார்த்து, "அடப்பாவி, பயணிகளை ஏத்தியிருக்கியா, மூட்டையை ஏத்தியிருக்கியா?" என்று கத்துவேன். அவனுக்குக் கேட்காது. மனதுக்கு ஒரு ஆறுதல்.

"சும்மாதானே கத்திக்கிட்டிருக்கீங்க. இதைப் பிரிச்சுக் குடுங்க," என்று ஒரு பிளேடையும் ஒரு நீலச் சீருடை பேன்ட்டையும் கொடுத்தாள். இரண்டு பக்கத் தையலையும் பிரித்து அகலமாக்க வேண்டுமாம்.

பேன்ட்டை விரித்துப் பார்த்தேன்.

"ஏற்கெனவே கூடாரம் மாதிரிதான இருக்கு! இதை இன்னும் பெரிசாக்கணுமா? யாரு இந்த மகராசன்?"

"உங்க டிப்போதான்."

"யாருன்னு சொல்லேன்."

"வாடிக்கைக்காரர் அளவை வெளிய சொல்லக் கூடாதுங்க. தொழில் தர்மம்."

"இந்தத் தொந்தியை வச்சுக்கிட்டு இவன் சீட்டுல உட்கார்ந்தா ஸ்டியரிங்குக்கு இடம் இருக்குமா?"

"பாவங்க. நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்தான். ஆனா ரெண்டு மனுஷன்."

என் நகைச்சுவைக்கு நானே விழுந்து விழுந்து சிரித்ததில் பிளேடு வழுக்கித் துணியில் சின்னக் கீறல் விழுந்துவிட்டது. அவள் திட்டவில்லை. பேன்ட்டை வாங்கி, நீல நூலால் கீறலை மூடி, குட்டி நட்சத்திரம் போல ஒரு தையல் போட்டாள். தொழில்காரி. தெரியாதவர்கள் பார்த்தால் வேண்டுமென்றே போட்டது என்றுதான் நினைப்பார்கள்.

வேலை பிடித்துப்போயிற்று. நாள் முழுவதும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவள் தைப்பாள், நான் பிரிப்பேன். இத்தனை வருஷம் அதிகாலையில் டிப்போவுக்கு ஓடியதில், நூலை அவள் பல்லால்தான் அறுப்பாள் என்பதுகூட எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இன்னொன்றும் கவனித்தேன். நான் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் சக்கரத்தின்மேல் கையை வைத்து மிஷினை நிறுத்துவாள். நான் உட்கார்ந்து முடித்த பிறகுதான் மறுபடி ஓட்டுவாள். அடடா, புருஷனுக்கு என்ன ஒரு மரியாதை என்று மனம் குளிர்ந்தது.

அப்போதுதான் அந்த விபரீதம் ஆரம்பித்தது.

ஒரு நாள் பஸ்ஸின் டயர் தெரியவில்லை. ஏதோ யோசனையில் தவறவிட்டிருப்பேன் என்று நினைத்தேன். சில நாள் கழித்துத் தலைவிளக்கு தெரியவில்லை. அப்புறம் பஸ்ஸின் ஜன்னல்கள் மட்டும் போயின, வந்தன. என் வயிற்றருகே இருந்த பக்கத்து மேஜையின் விளிம்பு நெஞ்சுக்கு ஏறியிருந்தது. மேஜை வளராது. ஆக, நான்தான் குறைந்துகொண்டிருக்கிறேன்.

சந்தேகத்தைத் தீர்க்க, மனைவி குளிக்கும் நேரமாகப் பார்த்துக் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று பென்சிலால் கோடு போட்டேன். சில நாள் கழித்து மறுபடி நின்றேன். கோடு அதே இடம். நின்றால் உயரம் குறையவில்லை, உட்கார்ந்தால் குறைகிறது. இதற்கு ஒரே அர்த்தம்தான். இடுப்புக்கு மேலே குறைந்து, கால் நீண்டுகொண்டிருக்கிறது! அதனால்தான் இப்போதெல்லாம் காலை நீட்டக்கூட இடம் போதவில்லை. அவள் வேறு, வெளிச்சம் போதவில்லை என்று மிஷினை என் பக்கம் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டுக்காரரிடம் ரகசியமாகக் கேட்டேன். ஓய்வு பெற்ற விஞ்ஞான வாத்தியார். எதைச் சொன்னாலும் அதில் ஒரு ஆபத்தைக் கண்டுபிடிப்பார் என்பதால் தெருவில் அவருக்கு அபாயச் சங்கு என்று பெயர்.

"உள்ள வச்சது உலோகந்தான?" என்றார்.

"ஆமா சார்."

"இப்ப வெயில் காலம்."

"ஆமா."

"சூடு பட்டா உலோகம் என்ன ஆகும்?"

முழங்காலைக் கையால் மூடிக்கொண்டேன். "நீளும் சார்."

"நான் வேற எதுவும் சொல்லல," என்று என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. ஜன்னலில் பஸ்ஸின் கூரை மட்டும் ஊர்ந்து போனது. நாளைக்கு அதுவும் தெரியாது. என் பஸ்ஸை ஓட்டத்தான் முடியவில்லை, பார்க்கவும் முடியாதா? கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பிரித்துக்கொண்டிருந்த துணியால் துடைத்துக்கொண்டேன்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. தூசு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். "பஸ் எங்கயும் போயிடாதுங்க," என்றாள் மெதுவாக.

டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. அவர் அறையில் பயிற்சிப் பெண்ணும் இருந்தாள். உறையைக் கழற்றிவிட்டு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். மனைவிக்குக் கேட்காதபடி டாக்டர் பக்கம் குனிந்து விஷயத்தைச் சொன்னேன்.

"டாக்டர், நான் குறைஞ்சுக்கிட்டே வர்றேன்."

"எடையா? அப்படித் தெரியலையே."

"உயரம் டாக்டர். உட்கார்ந்தா மட்டும். நீங்க வச்ச உலோகம் வெயில்ல நீளுது."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பயிற்சிப் பெண் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. என் மனைவி கூரையில் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அதில் ஆராய எதுவும் இல்லை. ஓடக்கூட இல்லை.

"உங்க காலைப் பாருங்க," என்றார் டாக்டர்.

பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்தது ஒரு சாதாரண மர நாற்காலி. திண்டு இல்லை. என் இரண்டு பாதங்களும் தரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டு முழங்கால்களும் ஒன்றுபோல மடங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

"அருமையா மடங்குது. இப்படியே போனா சீக்கிரமே வண்டியை எடுக்கலாம்," என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் நேராக நாற்காலிக்குப் போனேன். திண்டைத் தூக்கினேன். வெறும் உறை. உள்ளே கைப்பிடித் துணிகூட இல்லை. மிஷினுக்குப் பக்கத்தில் துண்டுத்துணி மூட்டை தள்ளாடும் அளவுக்குப் பருத்து நின்றது. தினமும் என் கண்ணெதிரிலேதான் பருத்திருக்கிறது. நான் குள்ளமாவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அது கண்ணில் படவில்லை.

"இதுதான் அன்னிக்கு வாசல்ல பேசின சட்டை அளவா?"

"எவ்வளவு எடுக்கணும், எப்ப எடுக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டே இருந்தா. நீங்க பல் தேய்க்கப் போறப்ப ஒரு கைப்பிடி எடுத்துடுவேன். காலை நீட்ட முடியாதபடி மிஷினையும் கொஞ்சம் தள்ளிப் போட்டுடுவேன்."

பல் தேய்க்கும் நேரம்! என் முடிவுகளின் நேரம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"உங்களைக் கேட்டா மாட்டேன்னுதான் சொல்வீங்க. அதான் உங்க முழங்காலைக் கேட்டேன். அது சரின்னுச்சு."

கோபப்படலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வேறு வார்த்தை வந்துவிட்டது.

"பயமா இருந்துச்சும்மா. அந்தச் சத்தம்."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் கேட்டேனே அன்னிக்கு. உள்ள மிஷின் ஓட்டிக்கிட்டிருந்தேன். அதையும் மீறிக் கேட்டுச்சு." துண்டுத்துணி ஒன்றை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "தினம் ஒரு கைப்பிடி எடுத்துட்டு, நீங்க உட்காரும்போது மிஷினை நிறுத்திட்டுக் காதைத் தீட்டிக்கிட்டு இருப்பேன். மறுபடி அந்தச் சத்தம் வந்துடுமோன்னு. எனக்கு உசுரே போய்ப் போய் வரும்."

மரியாதை என்று நினைத்திருந்தேன் நான்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் நுனிகள்.

அதன் பிறகு ஒளிவுமறைவு இல்லாமல் மடக்கினேன். டிப்போவில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், ஓட்டிக் காட்டினேன். கிளட்ச் பழைய நண்பனைப் போல அமுங்கிக் கொடுத்தது. நாளைக் காலை உங்கள் வண்டி உங்களுக்கு என்றார்கள்.

அந்தக் காலை. சீருடையைத் தேய்த்து நாற்காலியில் போட்டு வைத்திருந்தாள். அணிந்தேன். இடுப்புப் பொத்தான் அலுங்காமல் குலுங்காமல் போய் உட்கார்ந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பார்த்தியா? இத்தனை மாசம் உட்கார்ந்தே சாப்பிட்டிருக்கேன். ஒரு சுத்து கூடல. உடம்புன்னா இது உடம்பு."

"ம்," என்றாள். பல்லிடுக்கில் நூல் இருந்தது.

ஷூ போட நாற்காலியில் உட்கார்ந்தேன். யார் உதவியும் இல்லாமல் காலை மடக்கிக் குனிந்தேன். மடங்கிய முழங்காலுக்குச் சற்று மேலே, பக்கத் தையலோரமாக, நீல நூலில் ஒரு குட்டி நட்சத்திரம்.

தலையை நிமிர்த்த எனக்குத் துணிவு வரவில்லை. மிஷின் நின்றது.

"என்னங்க," என்றாள் அவள், "ஸ்டியரிங்குக்கு இடம் இருக்குமா?"